படத்தை மறைத்த பிறகும் படிக்க வேண்டும்: கலிஃபோர்னியா மாநிலக் கல்வி வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் இந்த மாநிலத்தின் பொதுப்பள்ளிகளில் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் தாய். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தமிழ்ப் பள்ளி ஒன்றில் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு எழுத்து கற்றுத் தரும் தன்னார்வ ஆசிரியையாகவும் இருக்கிறேன். 2025 அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்ட ஏபி 1454 சட்டம், பள்ளிகளில் வாசிப்பைக் கற்பிப்பதற்கான பாடநூல்களின் பட்டியலைப் புதிதாக வகுக்கும் பொறுப்பை உங்களிடம் ஒப்படைத்திருக்கிறது. இதற்கு முன் அந்தப் பட்டியல் வகுக்கப்பட்டது 2015-இல். அந்த ஆண்டு மழலையர் வகுப்பில் சேர்ந்த குழந்தைகள் இப்போது உயர்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். நீங்கள் ஒருமுறை எடுக்கும் முடிவு ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் வாசிப்பை ஏறத்தாழ முழுவதுமாகத் தீர்மானித்துவிடுகிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன். இம்மடலைத் தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. உங்கள் முடிவு எந்தப் பெற்றோரின் வீட்டுக்குள் வருகிறதோ, அவர்களில் என் மொழி பேசுகிறவர்களும் இதைப் படித்து, தங்கள் பள்ளி மாவட்டத்தில் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

என் மூத்த மகன் இரண்டாம் வகுப்பில் படித்தபோது நடந்ததை முதலில் சொல்கிறேன். பள்ளியிலிருந்து ஒவ்வொரு வாரமும் ஜிப் வைத்த நெகிழிப் பையில் நான்கைந்து சிறு புத்தகங்கள் வரும். ஒவ்வொன்றின் பின்னட்டையிலும் அது எந்த நிலைக்கு உரியது என்பதைக் காட்டும் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அவன் அவற்றைச் சரளமாகப் படித்தான், நாங்களும் மகிழ்ந்தோம். ஒரு மாலை, சாப்பாட்டு மேசையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வரிகளைக் கவனித்தேன். பூனைக்குட்டி போர்வைக்கு அடியில் இருக்கிறது என்று அச்சிட்டிருந்த வரியை, பூனை படுக்கையில் இருக்கிறது என்று அவன் படித்தான். ‘கிட்டன்’ இருந்த இடத்தில் ‘கேட்’ என்றான். ‘பிளாங்கெட்’ இருந்த இடத்தில் ‘பெட்’ என்றான். படத்தைப் பார்த்தால் இரண்டும் தவறில்லை. ஒட்டுத்தாள் ஒன்றை எடுத்துப் படத்தின் மீது ஒட்டிவிட்டு, மறுபடி படிக்கச் சொன்னேன். அவன் சொல்லைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். விடை அங்கே இருக்கக்கூடும் என்று தேடினான்.

மறு வாரம் வகுப்பறைக்குப் போனபோது சுவரில் இருந்த சுவரொட்டியைப் பார்த்தேன். தெரியாத சொல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை விலங்குகளின் படங்களோடு அது சொல்லித் தந்தது. கழுகுக்கு நேரே, படத்தைக் கூர்ந்து பார் என்று இருந்தது. தவளைக்கு நேரே, அந்தச் சொல்லைத் தாண்டிக் குதித்து அடுத்ததைப் படி என்று இருந்தது. என் மகன் சோம்பேறித்தனம் செய்யவில்லை, ஏமாற்றவும் இல்லை. சொல்லிக் கொடுத்ததைச் சொல்லிக் கொடுத்தபடியே செய்திருக்கிறான். ஆசிரியை மீதும் எனக்கு வருத்தமில்லை. பிள்ளைகள் மீது அத்தனை பரிவு கொண்டவர் அவர். தனக்குக் கல்லூரியில் கற்பிக்கப்பட்டதையும், மாவட்டம் வாங்கிக் கொடுத்த பாடநூல் சொன்னதையும் நம்பினார். நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, “படிக்கும் ஆசை வந்துவிட்டால் மற்றது தானாக வந்துவிடும்” என்று ஆறுதலாகச் சொன்னார். வரவில்லை. படங்கள் குறைந்த மூன்றாம் வகுப்புப் புத்தகங்கள் வந்தபோது அவன் வாசிப்பு நின்றே போனது. மாலை வேளைகளில் நானும் என் கணவரும், பிறகு மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிய தனி ஆசிரியர் ஒருவரும் சேர்ந்துதான் அவனை மீட்டெடுத்தோம். எங்களால் அந்தக் கட்டணத்தைக் கொடுக்க முடிந்தது. அதே வகுப்பில் அதே சுவரொட்டியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் எல்லோருக்கும் அது முடிந்திருக்காது என்ற எண்ணம்தான் என்னை இன்னும் உறுத்துகிறது.

இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1967-இல் கென்னத் குட்மன் என்ற கல்வியாளர், தேர்ந்த வாசகர் எழுத்து எழுத்தாகப் படிப்பதில்லை, பொருளையும் இலக்கண அமைப்பையும் கொண்டு அடுத்த சொல்லை ஊகித்தபடியே செல்கிறார் என்று வாதிட்டார். அந்தக் கருத்து பல பத்தாண்டுகள் பாடநூல்களையும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளையும் ஆட்கொண்டது. ஆய்வு அதை ஆதரிக்கவில்லை. கண்ணசைவுகளைக் கருவி கொண்டு அளந்த ஆய்வாளர்கள், தேர்ந்த வாசகரின் கண் ஏறத்தாழ ஒவ்வொரு முக்கியச் சொல்லிலும் நின்று, அதன் எழுத்துகளை உள்வாங்கிக்கொண்டே நகர்கிறது என்று காட்டினார்கள். அவர்களில் முதன்மையானவரான கீத் ரேனர் தம் கடைசி ஆண்டுகளில் பணியாற்றியது நம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில்தான். சூழலை வைத்து ஊகிப்பதை அதிகம் நம்பியிருப்பவர் திறமையான வாசகர் அல்லர், தடுமாறும் வாசகர் என்பது பல முறை உறுதிப்பட்டிருக்கிறது. நாடாளுமன்றத்தின் வேண்டுகோளின்படி அமைக்கப்பட்ட தேசிய வாசிப்புக் குழு 2000-ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை, சொல்லிலுள்ள ஒலிகளைப் பிரித்தறிதல், எழுத்துக்கும் ஒலிக்குமான உறவை முறையாகக் கற்றல், சரளம், சொல்வளம், பொருளுணர்தல் ஆகிய ஐந்தையும் வாசிப்பின் தூண்களாக வைத்தது. ஊகத்துக்கு அதில் இடமில்லை.

என் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இதை வேறொரு வகையில் வாரந்தோறும் பார்க்கிறேன். ‘கொக்கு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பறவையின் படம் இருக்கும். புதிதாக வந்த குழந்தை அதைப் பார்த்து ‘பறவை’ என்று சொல்லும். ஆங்கிலப் பள்ளியில் பழகிய பழக்கம் அது. ‘சரி, பறவைதான், ஆனால் இங்கே என்ன எழுதியிருக்கிறது?’ என்று கேட்டு, விரலை முதல் எழுத்தில் வைக்கிறோம். ‘கொ’ எளிய எழுத்தன்று. கொம்பு முன்னாலும் காலெழுத்து பின்னாலும் நிற்க, ஒலி நடுவிலுள்ள ககரத்திலிருந்து தொடங்குகிறது. இடமிருந்து வலமாகப் போகும் கண்ணுக்கு அது குழப்பம்தான். குழந்தை திணறும், திரும்பத் திரும்பச் சொல்லும், ஒருநாள் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்ட நாளில் ‘கொடி’, ‘கொடு’, ‘கொட்டு’ எல்லாமே அதற்குத் திறந்துவிடும். தமிழில் 247 எழுத்துகள் இருந்தும் ஒலியும் எழுத்தும் பெரும்பாலும் ஒட்டி நடக்கின்றன. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள்தாம்; ஒலிகள் ஏறத்தாழ 44; ‘தோ’ (though), ‘த்ரூ’ (through), ‘டஃப்’ (tough) என்று மூன்று வகையாக ஒலிக்கும் சொற்கள் ஒரே நான்கு எழுத்துகளில் முடிகின்றன. இத்தனை கரடுமுரடான எழுத்துமுறையை வரிசையாகவும் பொறுமையாகவும் சொல்லித் தருவதற்குப் பதிலாகக் குழந்தையே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது எனக்கு இன்றும் விளங்காத செயலாகவே இருக்கிறது.

இந்த வாரியத்துக்கு இது புதிய பாதையன்று என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். 1987-இல் கலிஃபோர்னியா வகுத்த மொழிக்கல்விக் கட்டமைப்பு, நல்ல இலக்கியத்தைக் குழந்தையின் கையில் கொடுத்தால் வாசிப்பு இயல்பாக மலரும் என்ற நம்பிக்கையில் எழுந்தது. 1994-ஆம் ஆண்டின் தேசியத் தேர்வில் நம் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் மாநிலங்களின் பட்டியலில் லூசியானாவுக்குப் பக்கத்தில், அடிமட்டத்தில் நின்றார்கள். அதற்கு அந்தக் கட்டமைப்பு ஒன்றே காரணமென்று நான் சொல்லமாட்டேன். 1978-இன் சொத்துவரி உச்சவரம்புக்குப் பிறகு பள்ளிகளுக்கு வந்த பணம் சுருங்கியதும், வகுப்புகள் நெரிந்ததும், புதிதாகக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஆயத்தமில்லாமல் பள்ளிகள் நின்றதும் சேர்ந்தே அந்த வீழ்ச்சி வந்தது. ஆனாலும் அந்தக் கட்டமைப்பு உருவான காலத்தில் மாநிலக் கல்விக் கண்காணிப்பாளராக இருந்த பில் ஹோனிக், தாம் தவறிவிட்டதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, எழுத்தையும் அதன் ஒலியையும் இணைத்துச் சொல்லித் தரும் ஒலிப்புமுறைக் கற்பித்தலுக்காக வாதாடத் தொடங்கினார். பொதுவாழ்வில் அது அரிய நேர்மை. 1995-இல் பாடநூல்களில் ஒலிப்புமுறையும் எழுத்துக்கூட்டலும் இருக்க வேண்டும் என்ற சட்டங்கள் வந்தன.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் எனக்குப் பெரிய எச்சரிக்கையாகத் தெரிகிறது. டென்னசி மாநிலம் 1985 முதல் நான்கு ஆண்டுகள், 79 பள்ளிகளில் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் குலுக்கல் முறையில் வகுப்புகளுக்குப் பிரித்து ஆராய்ந்து, 13 முதல் 17 பேர் கொண்ட சிறிய வகுப்புகளில் படித்தவர்கள் 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளில் படித்தவர்களை விடத் தெளிவாக முன்னேறினார்கள் என்று நிறுவியிருந்தது. அமெரிக்கக் கல்வி ஆய்வுகளில் அதற்கு இணையாக உறுதியானவை மிகச் சில. 1996-இல் ஆளுநர் பீட் வில்சன் காலத்தில் கலிஃபோர்னியா அந்த முடிவை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 30 பேர் இருந்த தொடக்க வகுப்புகளை 20 ஆகக் குறைக்க, முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ நூறு கோடி டாலர் ஒதுக்கியது. சட்டம் கோடையில் வந்தது. அந்த இலையுதிர் காலத்திலேயே வகுப்புகள் தொடங்கின. ஒரே நேரத்தில் பல்லாயிரம் ஆசிரியர்கள் தேவைப்பட்டபோது, வசதியான மாவட்டங்கள் அனுபவமுள்ளவர்களை ஈர்த்துக்கொண்டன. ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளிகளில், முழுத் தகுதிச் சான்று பெறாதவர்கள் கரும்பலகை முன் நின்றார்கள். சில ஆண்டுகள் கழித்து மதிப்பிட்டவர்களால், அந்தச் செலவு பிள்ளைகளின் கற்றலை உயர்த்தியது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டென்னசியின் ஆய்வு பொய்யில்லை. அங்கே பலன் தந்தது சிறிய வகுப்பும் அதில் நின்ற தகுதியான ஆசிரியரும் சேர்ந்த ஒன்று. இங்கே நாம் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு ஆசிரியரை விட்டுவிட்டோம்.

இப்போது எல்லோர் வாயிலும் மிசிசிப்பி இருக்கிறது. அந்தப் பிழையை இந்தப் பெயரோடு திரும்பவும் செய்துவிடுவோமோ என்பதே என் அச்சம். எண்கள் நீங்கள் அறிந்தவைதாம். 2013-இன் தேசியத் தேர்வில் நான்காம் வகுப்பு வாசிப்பில் மிசிசிப்பியின் சராசரி மதிப்பெண் 209, நம்முடையது 213. 2024-இல் அவர்களுடையது 219, நம்முடையது 212. மாநிலங்களின் வரிசையில் 49-ஆவது இடத்திலிருந்து 9-ஆவது இடத்துக்கு நாட்டின் மிக வறிய மாநிலம் ஒன்று ஏறியிருக்கிறது. இதைக் கேட்கும் பலர், ‘ஒலிப்புமுறைப் பாடநூல் வாங்கினார்கள், மூன்றாம் வகுப்பில் தேறாதவர்களை மறுபடி அதே வகுப்பில் நிறுத்தினார்கள்’ என்ற இரண்டே வரிகளில் கதையை முடித்துவிடுகிறார்கள். நடந்தது அதை விட நீண்டது. வாசிப்புக்காக மிசிசிப்பி 2013-இல் இயற்றிய சட்டத்துக்கு முன்பே, 2000-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் ஜிம் பார்க்ஸ்டேல் வழங்கிய பத்துக் கோடி டாலர் நன்கொடையில் தொடங்கிய வாசிப்பு நிறுவனம் ஆசிரியர்களோடு ஒரு பத்தாண்டுக்கு மேல் வேலை செய்திருந்தது. சட்டம் வந்த பிறகு, ஆசிரியர்கள் வாசிப்பின் அடிப்படைகளை நீண்ட பயிற்சியில் கற்றார்கள். பிள்ளைகள் ஆண்டுக்கு மூன்று முறை சிறு சோதனைகளால் அளக்கப்பட்டார்கள். பின்தங்கியிருப்பது பெற்றோருக்கு உடனே தெரிவிக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, மாநிலக் கல்வித் துறையே கறாராகத் தேர்ந்தெடுத்த வாசிப்புப் பயிற்றுநர்களை, மிகவும் பின்தங்கிய பள்ளிகளுக்கு அனுப்பியது. அவர்கள் வகுப்பறைக்குள் ஆசிரியரின் பக்கத்தில் நின்றார்கள், பாடம் எடுத்துக் காட்டினார்கள், ஆசிரியர் எடுத்ததைப் பார்த்துத் திருத்தினார்கள், மறு வாரமும் வந்தார்கள். அந்தப் பயிற்சியை மதிப்பிட்ட தென்கிழக்கு வட்டாரக் கல்வி ஆய்வுக்கூடம், ஆசிரியர்களின் அறிவு உயர்ந்ததையும், வகுப்பறைக் கற்பித்தலின் தரம் அதை விடவும் வெகுவாக உயர்ந்ததையும் 2017-இல் பதிவு செய்தது.

மூன்றாம் வகுப்பில் நிறுத்திவைப்பதைப் பற்றி எனக்கு மனம் இரண்டாகவே இருக்கிறது. நிறுத்தப்பட்ட பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் மொழித் தேர்வில் மேலாகச் செய்ததாக மிசிசிப்பியில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. வாசிப்புச் சட்டங்கள் இயற்றிய மாநிலங்களை ஒப்பிட்ட ஜான் வெஸ்டாலும் ஏமி கம்மிங்ஸும், நிறுத்திவைக்கும் விதி இருந்த மாநிலங்களில்தான் முன்னேற்றம் பெரிதும் தென்பட்டது என்று 2023-இல் எழுதினார்கள். அதே ஆண்டு மிசிகன் அந்த விதியைக் கைவிட்டது. அந்த விதி பெரியவர்களைத் துரிதப்படுத்துகிறது, எனவே பலன் தருகிறது என்பது என் கணிப்பு. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை தன் நண்பர்களிடமிருந்து பிரிக்கப்படும் அச்சத்தைக் கருவியாக்கித்தான் பெரியவர்களை வேலை செய்ய வைக்க வேண்டுமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. எட்டாம் வகுப்பு வாசிப்பில் மிசிசிப்பி இதே அளவு ஏறவில்லை என்பதையும் அதன் ஆதரவாளர்கள் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. சான்று நம் வீட்டு முற்றத்திலேயே கிடைக்கிறது. எழுதப் படிக்கக் கற்பது பிள்ளைகளின் உரிமை என்று 2017-இல் நம் மாநிலத்தின் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2020-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, மூன்றாம் வகுப்பு வாசிப்பில் மிகவும் பின்தங்கிய ஏறத்தாழ 75 தொடக்கப் பள்ளிகளுக்காக ஐந்து கோடியே முப்பது லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. அந்தப் பள்ளிகள் தங்கள் குறை எங்கே இருக்கிறது என்று முதலில் ஆராய்ந்து திட்டம் எழுதின, வாசிப்புப் பயிற்றுநர்களை அமர்த்தின, ஆசிரியர்களை வாசிப்பு ஆய்வின் அடிப்படையில் பயிற்றுவித்தன. பெருந்தொற்றின் நடுவில் இவையெல்லாம் நடந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தாமஸ் டீயும் சாரா நோவிகாஃபும் 2023-இன் இறுதியில் வெளியிட்ட ஆய்வில், அந்தப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், அவர்களோடு ஒப்பிடத்தக்க மற்றப் பள்ளிகளின் பிள்ளைகளை விட ஒரு பள்ளியாண்டின் கால் பங்கு அளவுக்குக் கூடுதலாகக் கற்றிருந்ததாகக் கண்டார்கள். செலவு ஒரு பிள்ளைக்கு ஏறத்தாழ ஆயிரம் டாலர். யாரையும் எந்த வகுப்பிலும் நிறுத்திவைக்காமல், நம் மாநிலத்தின் மிகவும் பின்தங்கிய பள்ளிகளில், நம் ஆசிரியர்களே செய்த காரியம் இது.

இதை வைத்துப் பார்க்கும்போது புதிய சட்டத்தின் பெரிய ஓட்டை எதுவென்று தெரிகிறது. சட்டமன்ற உறுப்பினர் பிளாங்கா ரூபியோ 2024-இல் கொண்டுவந்த ஏபி 2222, பயிற்சியைக் கட்டாயமாக்கியிருக்கும்; ஆசிரியர் சங்கத்தின் எதிர்ப்பாலும், ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்காகப் பேசும் அமைப்புகளின் எதிர்ப்பாலும் அது விவாதத்துக்கே வராமல் நின்றது. சமரசத்தில் பிறந்த ஏபி 1454-இல் பயிற்சி மாவட்டத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. அதற்கென 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் பள்ளி மாவட்டங்கள் உள்ள மாநிலத்தில், ஆர்வமும் ஆளும் உள்ள மாவட்டங்கள் அந்தப் பணத்தை முதலில் பெற்றுக்கொள்ளும். எங்கே தேவை மிகுதியோ அங்கே கேட்பதற்கே ஆளிருக்காது. 1996-இல் நடந்தது இதுதான். எந்தப் பயிற்சி அந்தப் பணத்துக்குத் தகுதி பெறும் என்ற வரையறையில், கணினித் திரையில் காணொளியைப் பார்த்து முடித்துச் சான்றிதழ் பெறுவது மட்டும் போதாது, வகுப்பறைக்குள் தொடர்ந்து வரும் பயிற்றுநரும் இருக்க வேண்டும் என்பதற்காக உங்கள் செல்வாக்கைப் பயன்படுத்துங்கள். பாடநூல் நிறுவனங்களின் பிரதிநிதிகள் உங்கள் கூட்டங்களுக்குத் தவறாமல் வருவார்கள். பயிற்றுநருக்காகப் பேச எந்த நிறுவனமும் வராது.

ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளைப் பற்றிய கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அந்தப் பட்டியலில் என் பிள்ளையும் இருந்தான். பள்ளியில் சேர்க்கும்போது வீட்டுமொழி பற்றி நான்கு கேள்விகள் கேட்பீர்கள். அந்தப் படிவத்தை நிரப்பும் முன்பு தெரிந்த குடும்பத்தார் இருவர் என்னை அழைத்து, ‘தமிழ் என்று எழுதிவிடாதீர்கள், ஆங்கிலம் என்றே எழுதுங்கள், இல்லையென்றால் தனிப் பட்டியலில் போட்டுவிடுவார்கள்’ என்று அறிவுரை சொன்னார்கள். நான் தமிழ் என்றே எழுதினேன். அவன் முதலில் பேசியது தமிழ்தான். வீட்டில் பேசும் மொழியைப் பெற்றோர் மறைக்க நினைக்கும் அளவுக்கு ஒரு முத்திரை அச்சமூட்டுகிறது என்றால், அதைப் பெறும் ஏறத்தாழ பத்து லட்சம் பிள்ளைகளுக்குப் பள்ளி என்ன தருகிறது என்று நீங்கள் ஆழமாகக் கேட்க வேண்டும். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஸ்பானிய மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகள். 2006-இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வுத் தொகுப்பு, எழுத்தையும் ஒலியையும் முறையாகக் கற்பது இப்பிள்ளைகளுக்கும் பயன் தருகிறது, ஆனால் பேச்சுமொழியை வளர்க்காமல் அது மட்டும் போதாது என்று தெளிவாகச் சொன்னது. ‘பிளாங்கெட்’ என்ற சொல்லை ஒலி பிரித்துச் சரியாகப் படித்தும் அது போர்வை என்று தெரியாத பிள்ளைக்கு அந்த வரி எதையும் சொல்லாது. ஆகவே, ஆங்கிலப் பேச்சை வளர்க்கும் பாடங்களைப் பின்னிணைப்பாக ஒட்டிவைத்த நூல்களை ஏற்காதீர்கள். ஒவ்வொரு பாடத்திலும் அவை பின்னப்பட்டிருக்க வேண்டும். வீட்டுமொழியின் ஒலிகளில் எவை ஆங்கிலத்தோடு ஒத்துப்போகும், எவை போகா என்பதையும் ஆசிரியருக்குச் சொல்ல வேண்டும். தமிழ்க் குழந்தைக்கு pat, bat என்ற இரு ஆங்கிலச் சொற்களின் தொடக்கத்தில் வரும் இரண்டு வகை ‘ப’-வும் ஒரே எழுத்தாகத் தோன்றுவதில் வியப்பில்லை. எங்கள் எழுத்தில் அவை ஒன்றுதான். ஆசிரியருக்கு அது தெரிந்திருந்தால் அதைக் குழந்தையின் குறைபாடாக எண்ணமாட்டார்.

ஒலிப்புமுறையை ஆதரிப்பவர்களிடமும் எனக்கு ஒன்று சொல்ல உண்டு. ஜார்ஜ் புஷ் காலத்தில், ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு கோடி டாலர் செலவில் ஒன்றிய அரசு நடத்திய முதல் வாசிப்புத் திட்டத்தை 2008-இல் மதிப்பிட்டபோது, பிள்ளைகள் எழுத்தை ஒலியாக மாற்றுவதில் ஓரளவு முன்னேறியிருந்தும், படித்ததைப் புரிந்துகொள்வதில் கணிசமான முன்னேற்றம் காணப்படவில்லை. புரிந்துகொள்ள, படிக்கும் பொருளைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். 1988-இல் டானா ரெக்ட், லாரன் லெஸ்லி ஆகிய இரு ஆய்வாளர்கள், ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டத்தின் ஒரு பகுதியை விவரிக்கும் உரையைப் படிக்கக் கொடுத்து, மைதான மாதிரியில் ஆட்டக்காரப் பொம்மைகளை நகர்த்தி, படித்ததை நடித்துக் காட்டச் சொன்னார்கள். வாசிப்புத் தேர்வில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் சிறந்து பேஸ்பால் தெரியாத பிள்ளைகளை விட நன்றாகச் செய்தார்கள். வாசிப்புத் தேர்வில் மதிப்பெண் குறைந்ததென்று அறிவியலையும் வரலாற்றையும் அகற்றிவிட்டு, அந்த மணிநேரத்தில் ‘மையக் கருத்தைக் கண்டுபிடி’ என்ற பயிற்சித்தாளைக் கொடுக்கும் பள்ளிகள் எத்தனை! நீங்கள் ஏற்கும் நூல்களில் கடலும் கோளும் நிலநடுக்கமும் இந்த மாநிலத்தின் தொல்குடிகளின் கதையும் வரிசையாக வந்து, ஒன்றின் மேல் ஒன்று அறிவாகச் சேரட்டும்.

இவையெல்லாம் பலிக்கின்றனவா என்பதை யார் அளப்பார்கள் என்ற கேள்வி இந்த ஆண்டுகளில் கூர்மையாகிவிட்டது. ஒன்றிய அரசு கல்விக்கென 1867-இல் முதன்முதலாக ஓர் அமைப்பைத் தொடங்கியதன் நோக்கமே மாநிலங்களின் பள்ளிகளைப் பற்றிய புள்ளிவிவரங்களைத் திரட்டுவதுதான். அந்த மரபில் வந்த தேசியக் கல்விப் புள்ளிவிவர மையத்தில் ஏறத்தாழ நூறு பேர் இருந்த இடத்தில், 2025 மார்ச்சின் ஆட்குறைப்புக்குப் பிறகு கைவிரல்களில் எண்ணும் அளவுக்கே ஆட்கள் எஞ்சினார்கள். அதற்கு முந்தைய மாதம், 2002-இல் சட்டத்தால் நிறுவப்பட்ட கல்வி அறிவியல் நிறுவனத்தின் பல ஒப்பந்தங்கள் ஒரே வீச்சில் ரத்து செய்யப்பட்டன. வட்டாரக் கல்வி ஆய்வுக்கூடங்களும் அவற்றோடு போயின. மிசிசிப்பியின் ஆசிரியர் பயிற்சியை அளந்த அதே ஆய்வுக்கூடமும் அவற்றில் ஒன்று. வாஷிங்டன் அளந்து சொல்லும் என்று நாம் காத்திருக்க இனி இடமில்லை. நம் மாநிலம் தன் கண்ணைத் தானே திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பள்ளி எந்த வாசிப்பு நூலைப் பயன்படுத்துகிறது, அதன் ஆசிரியர்களில் எத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள், பயிற்றுநர் எத்தனை நாள் வகுப்பறைக்கு வந்தார் என்ற மூன்று விவரங்களையும் மாநிலம் முழுவதற்கும் ஒரே இடத்தில், எந்தப் பெற்றோரும் தேடிப் பார்க்கும்படி வெளியிடுங்கள். நான் என் மகனின் பள்ளியில் முதல் விவரத்தைத் தெரிந்துகொள்ளவே நான்கு மின்னஞ்சல்கள் அனுப்ப வேண்டியிருந்தது.

2025-26 பள்ளியாண்டிலிருந்து மழலையர் முதல் இரண்டாம் வகுப்பு வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் வாசிப்பில் இடர்ப்பாடு உண்டா என்று பார்க்கும் சோதனை நடத்தப்பட வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை மனதார வரவேற்கிறேன்; என் மகனுக்கு அது கிடைத்திருந்தால் ஓர் ஆண்டை நாங்கள் இழந்திருக்க மாட்டோம். ஆனால் அந்தச் சோதனையின் முடிவு வீட்டுக்கு எந்த வடிவில் வருகிறது என்பதைத் தயவுசெய்து ஒருமுறை பாருங்கள். என் தமிழ்ப் பள்ளிக்கு வரும் ஒரு தாய், தன் இளைய மகளைப் பற்றி வந்த அப்படியொரு தாளை என்னிடம் நீட்டி, “டீச்சர், இதுல பாஸா ஃபெயிலான்னு மட்டும் சொல்லுங்க” என்று கேட்டார். இரண்டு பக்கத்தில் விழுக்காட்டு நிலைகளும் சுருக்கெழுத்துகளும் இருந்தன. நானே இரண்டு முறை படித்துத்தான் புரிந்துகொண்டேன். அந்தச் சிறுமிக்கு எழுத்துகள் தெரிகின்றன, ஒலிகளைச் சேர்ப்பதில்தான் தடுமாறுகிறாள், ஆகவே வீட்டில் தினமும் பத்து நிமிடம் எதைச் செய்யலாம், பள்ளி எதைச் செய்யப்போகிறது, மறுபடி எப்போது பார்க்கும் என்ற நான்கு செய்திகளை அந்தத் தாயின் மொழியில் நான்கு வரிகளில் எழுதியிருக்க முடியும். அத்தகைய மாதிரிக் கடிதம் ஒன்றை மாநிலமே தயாரித்து, நம் பள்ளிகளில் பேசப்படும் எல்லா மொழிகளிலும் மொழிபெயர்த்து, மாவட்டங்களுக்கு வழங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தமிழ் வடிவத்தைச் சரிபார்க்க ஆள் தேவைப்பட்டால், எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஆசிரியைகள் ஏழு பேரும் ஊதியமின்றி அதைச் செய்து தருகிறோம்.

மிக்க மரியாதையுடன்,
பொதுப்பள்ளிப் பிள்ளைகள் இருவரின் தாய்